சாதாரண நோய் என்று புரட்டிவிட்ட பக்கங்கள்

வாசகி எழுதியது

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டப்புறச் சிறுநகரத்திலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு வயது 24; தனியார் மருத்துவக் கல்லூரியில் இறுதியாண்டு. மற்ற தாள்களில் தேறி, சமூக மருத்துவத்தில் மட்டும் தவறிவிட்டார். மறுதேர்வுக்குப் பத்து வாரம் இருக்கிறது. வீட்டிலிருந்தே படிக்கிறார். "அபூர்வ நோய்களை விழுந்து விழுந்து படித்தேன். டிங்கி, இனிப்புநீர், ரத்தக்கொதிப்பு எல்லாம் சின்ன வயதிலிருந்து காதில் விழுகிற பெயர்கள்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கடைசியில் அதிலேயே கோட்டை விட்டேன்" என்கிறார். தவறவிட்டவற்றில் இரண்டு கேள்விகள் இன்னும் உறுத்துகின்றனவாம். ஒன்று: டிங்கி நோயாளிக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது, வயிற்றுவலியும் அசதியும் இருக்கிறது, அடுத்து என்ன செய்வீர்கள்? இவர் எழுதியது, "வீட்டுக்கு அனுப்பலாம்." இன்னொன்று: ஒரு சோதனையின் சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி இரண்டும் 90 விழுக்காடு; பாசிட்டிவ் வந்தவருக்கு அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? இவர் எழுதியது, "90 விழுக்காடு."

படிக்கக் கையில் மூன்று இருக்கின்றன: சீனியர் ஒருவர் விட்டுப்போன இந்தியப் பாடநூல், கைப்பேசியில் அமெரிக்கக் கேள்வி வங்கி, நம் சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டிகள். ஒன்றின் எண் மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை, எதை எழுதுவது என்று கேட்கிறார். கூடவே இரண்டு விஷயம். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் அப்பாவுக்கு, வயது 56, வீட்டு குளுக்கோமீட்டர் 12.4 மில்லிமோல் காட்டியிருக்கிறது. "எனக்கு ஒன்னும் செய்யலம்மா" என்று கிளினிக்குக்கு வர மறுக்கிறார். அதனால் அத்தைக்குக் கொடுத்த சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமில் தினம் ஒன்றை ஒரு வாரமாக அப்பாவுக்குக் கொடுத்து வருகிறார். அடுத்த மாதம் இரண்டு தோழிகளோடு கோயில் மண்டபத்தில் இலவச சர்க்கரைப் பரிசோதனை முகாம் போடவும் எண்ணம். ஒரு மெஷின் இருக்கிறது, தேர்வுக்கும் பயிற்சியாகும் என்கிறார்.

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

படிப்பைப் பற்றிப் பேசுமுன் ஒன்று. அத்தையின் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிட்டு, இந்த வாரத்துக்குள் அப்பாவைக் கிளினிக் கெசிஹாத்தானுக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்கு, அழைத்துப் போங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சறுக்கிய இடம்

அபூர்வ நோயைப் பற்றிய கேள்வி பெரும்பாலும் ஒரு விடுகதை. துப்பு கொடுப்பார்கள், பெயரைச் சொன்னால் மதிப்பெண். சாதாரண நோயில் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடும். கேள்வி அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எந்த நாளில் ஆபத்து, எந்த எண்ணுக்கு மேல் நோய், யாருக்குத் தெரிவிக்க வேண்டும், வராமல் தடுக்க எந்தக் கண்ணியை அறுப்பது என்று போகும். தேர்வாளர் ஒவ்வொருவரும் இந்த நோய்களைத் தினமும் பார்ப்பவர் என்பதால், மேலோட்டமாக எழுதிய விடை அவர் கண்ணில் உடனே படும்.

உங்கள் டிங்கி விடையையே எடுத்துக்கொள்வோம். மற்ற காய்ச்சல்களில் சூடு இறங்கினால் நிம்மதி. டிங்கியில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்குகிற நேரம்தான் ரத்தக்குழாய்ச் சுவர் கசியத் தொடங்குகிற நேரம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே போகும், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாட்டோகிரிட் ஏறும், தட்டணு வேகமாக விழும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அந்த நோயாளிக்கு இருந்த வயிற்றுவலியும் அசதியும் எச்சரிக்கை அறிகுறிகள். விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்வது, ஈரல் 2 செண்டிமீட்டருக்கு மேல் வீங்குவது ஆகியவை அந்தப் பட்டியலில் மீதி. அவரை வார்டில் வைத்து ஹீமாட்டோகிரிட்டை அடிக்கடி பார்த்து, நீரை அளந்து கொடுக்க வேண்டும். தட்டணு எண்ணிக்கையை மட்டும் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது மாணவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஆளைச் சாய்ப்பது கசிவும் அதனால் ரத்த ஓட்டம் குன்றி வரும் ஷாக்கும்தான்.

இரண்டாவது கேள்வியைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். சென்சிட்டிவிட்டி என்பது நோயுள்ளவரைப் பிடிக்கும் திறன், ஸ்பெசிஃபிசிட்டி என்பது நோயில்லாதவரை இல்லை என்று விலக்கும் திறன். 1,000 பேர் இருக்கிறார்கள். நோய் 1 விழுக்காட்டினருக்கு, அதாவது 10 பேருக்கு. சோதனை அதில் 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 10 விழுக்காடு, 99 பேர், வீணாகப் பாசிட்டிவ் ஆவார்கள். மொத்தப் பாசிட்டிவ் 108. உண்மையான நோயாளி 9. வாய்ப்பு 8 விழுக்காடு சொச்சம்தான். அதே சோதனையை நோய் 20 விழுக்காடு உள்ள கூட்டத்தில் செய்யுங்கள். 200 நோயாளியில் 180 பேர் சரியாகப் பாசிட்டிவ், 800 பேரில் 80 பேர் வீணாகப் பாசிட்டிவ். 260-க்கு 180, அதாவது 69 விழுக்காடு. சோதனையில் ஒரு துளி மாற்றமில்லை, கூட்டம் மாறியது, விடை மாறியது. ஆகவே நோய் அந்த மக்களிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "தகவல் போதாது" என்பதே சரியான விடை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். தேர்வு அறையில் 1,000 பேரை வைத்து நான்கு கட்டம் போட இரண்டு நிமிடம் போதும்.

ஒரு நோய்க்கு ஒரு தாள்

பாடநூலை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்க வேண்டாம். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து நடுவில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடுங்கள். இடது முனை, நோய் இன்னும் வராத நிலை. நடுப்பகுதி, உள்ளே வந்தும் ஆளுக்குத் தெரியாத நிலை. வலது பக்கம், நோய் வெளிப்பட்டு, சிக்கலாகி, குணமாவதோ முடமாவதோ. கோட்டுக்கு மேலே என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். கீழே அந்த இடத்தில் எதை வைத்துத் தடுக்கலாம் என்று எழுதுங்கள். முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைத் தடுப்பு என்று நீங்கள் வரையறை வரையறையாகப் படித்தது தானாகவே அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தாளின் ஓரத்தில் மூன்று சங்கதி: நோயை உறுதிசெய்யும் எண், சட்டப்படி செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது.

டிங்கிக்குப் போட்டுப் பார்ப்போம். இடது முனையில் ஏடிஸ் கொசுவின் முட்டை. காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டதும் பொரிந்து, ஏறத்தாழ 7 முதல் 10 நாளில் கொசுவாகிப் பறக்கும். வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்வது இந்தக் கணக்கால்தான். பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்தால் கொசு நம்மை முந்திக்கொள்ளும். வீட்டுக்குள்ளே தண்ணீர்த் தொட்டியும் பூச்சட்டித் தட்டும் ஏடிஸ் ஈஜிப்டைக்கு. வெளியே, வெட்டாமல் விட்ட பால்மரங்களில் கவிழ்க்காமல் தொங்கும் மங்குகளில் ஏடிஸ் அல்போபிக்டஸ். ஒரு மழை பெய்தால் ஒவ்வொரு மங்கும் ஒரு தொட்டில். கொட்ட முடியாத தொட்டிக்குக் கொசுப்புழுவைக் கொல்லும் 1 விழுக்காடு ஏபேட் மணல், 10 லிட்டருக்கு 1 கிராம். புகையடிப்பதை முதல் விடையாக எழுதாதீர்கள். அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தொட்டியில் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது, அடுத்த வாரம் புதுக் கொசு வந்துவிடும்.

கோட்டின் நடுவில் 4 முதல் 10 நாள் அடைகாலம். ரத்தச் சோதனையில், காய்ச்சலின் முதல் நாள்களில் கிருமியின் புரதமான என்எஸ்1, ஐந்தாம் நாள் வாக்கில் இருந்து உடலின் எதிர்ப்பொருளான ஐஜிஎம். வலது பக்கம் மேலே சொன்ன எச்சரிக்கை அறிகுறிகள். ஓரத்தில், 1988-ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. இவ்வளவும் ஒரே தாளில் அடங்கும்.

இந்தத் தாளில் கணக்கும் ஒன்று இருக்கட்டும். 2019-இல் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி, 182 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் இறந்தவர் விகிதம் 182-ஐ 1,30,101-ஆல் வகுக்க 0.14 விழுக்காடு. மக்கள் தொகையில் இறப்பு விகிதம் வேண்டுமென்றால் 182-ஐ அந்த ஆண்டின் 3 கோடியே 25 லட்சம் பேரால் வகுக்க வேண்டும்: ஒரு லட்சத்துக்கு 0.56. மேலே இருக்கும் எண் ஒன்றுதான், கீழே இருப்பது வேறு. வகுக்கும் எண் எது என்று எழுதாத விடைக்குப் பாதி மதிப்பெண் போய்விடும்.

எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கு நீங்கள் பார்த்து வளர்ந்த செம்பனைத் தோட்டமே கோட்டின் இடது முனை. உதிர்ந்த பழத்துக்கு எலி வரும். அதன் சிறுநீர் கலந்த சேறு, காலில் வெட்டுக்காயம் உள்ள தொழிலாளிக்குள் லெப்டோஸ்பைரா கிருமியை ஏற்றும். தோட்டங்களில் கம்பத்து மேல் மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்ப்பது எலியைக் குறைக்க. "சுற்றுச்சூழல் வழி முதல்நிலைத் தடுப்புக்கு உதாரணம் தருக" என்று கேட்டால் அதை எழுதுங்கள். தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார். பூட்ஸ், காயத்தை மூடிக் கட்டுவது, வேலை முடிந்ததும் குளிப்பது அதற்கு அடுத்து. கெண்டைக்கால் வலியும் சீழில்லாத செங்கண்ணும் துப்பு. இந்த நோய் 2010 முதல் அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று; இதற்கு 7 நாள் அவகாசம், டிங்கிக்கு 24 மணி நேரம். இரண்டையும் மாற்றி எழுதுபவர்கள் நிறைய.

மலேரியாத் தாளில் ஒரு பழைய கதையைச் சேருங்கள், ஏனென்றால் தடுப்பு எப்படித் தப்பாகப் போகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடியவிட்டுக் காடு வெட்டினார், காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. அங்கே காய்ச்சலைப் பரப்பிய அனோபிலிஸ் அம்புரோசஸ் நிழலான சதுப்பில் முட்டையிடும் கொசு. மலைச்சரிவில் ரப்பர் நட்ட தோட்டங்களில் அதே வைத்தியம் எடுபடவில்லை, காய்ச்சல் ஏறியது. காடு போனதும் வெயில் பட்ட தெளிந்த ஓடைகள் அனோபிலிஸ் மாக்குலேட்டஸுக்கு வீடாகிவிட்டன. மலைத்தோட்டக் காய்ச்சலில் மடிந்தவர்களில் நம் பாட்டன் பூட்டன்மார் ஏராளம். பிறகு ஓடையைக் குழாய் வழி மண்ணுக்கடியில் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் விட்டும்தான் அடக்கினார்கள். எந்தக் கொசு என்று தெரியாமல் கொசுவை ஒழிக்க முடியாது என்பதை இந்த நாட்டு லயங்களில்தான் கற்றுக்கொண்டார்கள். இன்றைய நிலை: மனித மலேரியா 2018 முதல் உள்நாட்டில் பரவவில்லை, குரங்கிலிருந்து வரும் பிளாஸ்மோடியம் நோலெசி இன்னும் இருக்கிறது. "மலேசியாவில் மலேரியாவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

நோய்ப் பரவலைத் துப்பறியும் கேள்விக்கு நீபா போதும். 1998-இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் கிளம்பியபோது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் நம்பினார்கள். தடுப்பூசி போட்டார்கள், கொசுவுக்குப் புகையடித்தார்கள். ஆனால் நோய்ப்பட்டவர்கள் பிள்ளைகளாக இல்லாமல் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரியவர்களாக இருந்தார்கள். அவர்களில் தடுப்பூசி போட்டவர்களும் உண்டு. யார், எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விக்கும் வந்த விடை கொசுவோடு பொருந்தவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதுக் கிருமியைப் பிரித்தெடுத்தார். 265 பேருக்கு நோய், 105 பேர் இறப்பு.

எந்தப் புத்தகத்தின் எண்?

தேர்வு நடத்தும் நாட்டின் எண். உங்களுக்குச் சுகாதார அமைச்சின் வழிகாட்டிதான் கடைசிச் சொல். இந்தியப் பாடநூல் கருத்தை விளக்குவதில் கெட்டி, அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலிருக்கும் அட்டவணைகளை மட்டும் நம்ப வேண்டாம். அடிக்கடி இடிக்கிற இடங்கள் இவை.

நீரிழிவை உறுதிசெய்ய, இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி மலேசிய வழிகாட்டியில் 6.3 விழுக்காடு, அமெரிக்காவில் 6.5. வெறும் வயிற்றுச் சர்க்கரை 7.0, எந்நேரச் சர்க்கரை 11.1 மில்லிமோல் என்பது இரண்டிலும் ஒன்றே. இந்திய நூலில் இதே எண்கள் 126, 200 மில்லிகிராம் என்று இருக்கும். 18-ஆல் வகுத்தால் நம் கணக்கு. ரத்தக்கொதிப்பு நமக்கு 140/90. கேள்வி வங்கி 130/80 என்று சொன்னால் அது 2017 அமெரிக்க வரம்பு. உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் பிஎம்ஐ நமக்கு 23-இல் கூடுதல் எடை, 27.5-இல் உடல் பருமன். மேலை நூல்களில் 25, 30. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செண்டிமீட்டர், பெண்ணுக்கு 80. குழந்தைத் தடுப்பூசிதான் மிக மோசமாகக் குழப்பும்: இந்திய அட்டவணை 6, 10, 14 வாரம், நம்முடையது ஆறு நோய்க்கான ஒரே ஊசி, 2, 3, 5 மாதத்திலும் பிறகு 18 மாதத்திலும், தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் 9, 12 மாதத்தில்.

கட்டுரை விடையில் "மலேசிய வழிகாட்டிப்படி" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் வித்தியாசம் ஏன் என்று கேட்டால், வரம்பைக் கீழே இறக்கினால் நோயாளியைத் தவறவிடுவது குறையும், வீணாக முத்திரை குத்தப்படுபவர் கூடுவர் என்று சொல்லுங்கள். தலசீமியா மரபணு உள்ளவரிடம் எச்பிஏ1சி ஏமாற்றலாம் என்பதையும் சேர்த்தால் நல்லது, நம் நாட்டில் அது அரிதில்லை.

பத்து வாரக் கணக்கு

வாரம் மூன்று நோய், எட்டு வாரம், 24 தாள். கடைசி இரண்டு வாரம் பழைய கேள்விகள் மட்டும். நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, டிங்கி, காசநோய், ஆஸ்துமா, சிறுநீரகச் செயலிழப்பு, கருப்பைவாய்ப் புற்று, மார்பகப் புற்று, ஹெப்படைட்டிஸ் பி, உணவு நச்சு, ரத்தசோகை, மனச்சோர்வு ஆகியவற்றை முதல் நான்கு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

தாளை எழுதி முடித்ததும் மூடிவைத்து, வெறும் தாளில் நினைவிலிருந்து கோட்டையும் எண்களையும் போடுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 21-ஆம் நாள் மறுபடி. விட்டுப்போனதைச் சிவப்பு மையில் நிரப்புங்கள். அடுத்த முறை சிவப்பை மட்டும் பார்த்தால் போதும். மறுவாசிப்பு ஏன் ஏமாற்றுகிறது என்பதை ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் காட்டினார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்களே முந்தினார்கள். நீங்கள் பக்கத்தைப் புரட்டியபோது வந்த "தெரிந்ததுதானே" என்ற உணர்வு அந்த ஐந்து நிமிட வகை.

செய்முறைத் தேர்வுக்கு வீட்டு ஆட்களே போதும். ரத்த அழுத்தம் பார்ப்பதை ஒழுங்காகப் பழகுங்கள்: அரை மணி நேரம் காப்பி, சிகரெட் இல்லாமல், ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்காரவைத்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில். கை தொங்கினால் எண் கூடும். பட்டை சின்னதாக இருந்தாலும் கூடும். அதன் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 விழுக்காட்டையாவது சுற்ற வேண்டும். ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, முதல் சந்திப்பில் இரண்டு கையிலும்.

கோயில் மண்டபத்து முகாம்

நல்ல மனசுதான், ஆனால் நீங்கள் சொன்ன மாதிரி வேண்டாம். நீங்கள் இன்னும் பதிவு பெற்ற மருத்துவர் இல்லை. 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் கீழ், பதிவில்லாதவர் மருத்துவராக நடந்துகொள்வது குற்றம். எண்ணைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு இனிப்புநீர், இந்த மாத்திரை சாப்பிடுங்கள்" என்று சொன்னால் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று.

இன்னொன்று ஊசி. ஒரே குத்தும் பேனாவைப் பலருக்குப் பயன்படுத்தினால், ஊசியை மாற்றினாலும், பேனா முனையில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தால் ஹெப்படைட்டிஸ் பி பரவும். அந்தக் கிருமி உலர்ந்த ரத்தத்தில் ஒரு வாரமாவது உயிரோடு இருக்கும். ஒருமுறை குத்தியதும் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் ஊசிகள், கையுறை, கூர்க்கழிவுப் பெட்டி இல்லாமல் யாரையும் குத்தக் கூடாது.

1968-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் எழுதிய ஸ்கிரீனிங் விதிகள் பத்தையும் மனப்பாடமாக வைத்திருப்பீர்கள். அவற்றை உங்கள் முகாமுக்குப் போட்டுப் பாருங்கள். எண் கூடியவரை உறுதிப்படுத்த ரத்தம் எங்கே எடுப்பது? யார் தொடர்ந்து பார்ப்பது? மண்டபத்தில் எல்லார் முன்னாலும் "அக்கா உங்களுக்குப் பதினாலு" என்று கூவினால் அந்த அக்கா அடுத்த முறை எந்த முகாமுக்கும் வரமாட்டார். நேரே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். சுகாதார அமைச்சு 2013-இல் தொடங்கிய கொஸ்பென் திட்டத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஊர்களில் எடை, இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கிறார்கள். அவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்தால் உங்களுக்கும் பயிற்சி, ஊருக்கும் தொடர்ச்சி. உங்கள் மூவரால் மட்டும் செய்ய முடிந்தது இன்னொன்று இருக்கிறது: 40 வயது தாண்டியவர்களுக்கு குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ ஆகியவற்றின் இலவசப் பரிசோதனைக்குத் தகுதி இருக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்து, கிளினிக் தேதி எடுத்துக் கொடுப்பது. பாரம் நிரப்பத் தெரியாமலேயே அந்த உதவியை விட்டுவிடுபவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு.

அப்பாவின் 12.4

2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. "ஒன்னும் செய்யல" என்று அப்பா சொல்வது பொய்யில்லை. இரண்டாம் வகை நீரிழிவு வருடக்கணக்கில் ஒன்றும் செய்யாமல்தான் கிடக்கும். அவரை இப்படிக் கேளுங்கள்: ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், பெல்ட் ஓட்டை உள்ளே போயிருக்கிறதா? வேகமாக எடை குறைவது, வாந்தி, மூச்சு வாங்குவது இருந்தால் இந்த வாரம் என்றெல்லாம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனை.

அதே சமயம் ஒரு குளுக்கோமீட்டர் எண் நோயை உறுதிசெய்யாது. இனிப்புத் தேநீரோ பழமோ பட்ட விரல் 12-ஐயும் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திப் பார்க்க வேண்டும். கிளினிக்கில் நரம்பு ரத்தம் எடுப்பார்கள். அறிகுறி இல்லாதவருக்கு இரண்டு சோதனை முடிவுகள் வேண்டும், உள்ளவருக்கு ஒன்று போதும். தேர்விலும் இதைக் கேட்பார்கள். வெறும் வயிற்றுச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் மட்டும். காலைக் கறுப்புக் காப்பியும் கூடாது.

மாத்திரையை நிறுத்தச் சொன்ன காரணம் இப்போது. மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அப்பாவுக்கு அதையே எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள். ஆனால் சிறுநீரக வடிகட்டல் 30-க்குக் கீழே இருந்தால் அது கூடாது, அப்பாவின் எண் நம்மில் யாருக்கும் தெரியாது. சோதனைக்கு முன்பே சர்க்கரையை அரைகுறையாக இறக்கினால் முடிவு குழம்பும். அத்தைக்கு மாதக் கடைசியில் மாத்திரை பற்றாமல் போகும். எல்லாவற்றையும்விட, அத்தையின் பையில் சர்க்கரையை அதிகமாகவே தாழ்த்தக்கூடிய கிளிக்லசைடும் இருந்து ஒருநாள் கைமாறினால், நீளக் கம்பில் அரிவாளைத் தூக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை தாழ்ந்து கண் இருட்டும். ஒரு வாரம் கொடுத்ததைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவர் வர மறுப்பது சம்பளம் போய்விடும் என்றும் இருக்கலாம். கிளினிக் கட்டணம் 1 வெள்ளி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய்விடுப்பு உண்டு. ஆனால் ரத்தம் கொடுக்க மட்டும் போனால் பெரும்பாலும் எம்சி எனும் மருத்துவ விடுப்புச் சான்று தரமாட்டார்கள், வந்துபோன நேரச் சீட்டுத்தான். ஆகவே முதல் நாளே மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவைக்கட்டும்.

நோய் உறுதியானால் இரண்டாம் வகையில் சிக்கல்களை அன்றிலிருந்தே தேட வேண்டும்: விழித்திரைப் படம், சிறுநீரில் அல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு, பாதம். முதல் வகையில் ஐந்து ஆண்டு கழித்து என்பது எம்சிகியூவில், அதாவது சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில், அடிக்கடி வரும் வித்தியாசம். பாதச் சோதனையை அப்பாவிடமே பழகிக்கொள்ளலாம். உணர்ச்சியைச் சோதிக்கும் நைலான் இழையான 10 கிராம் மோனோஃபிலமென்ட்டை முதலில் அவர் கையில் தொட்டு எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லி, காய்ப்பு இல்லாத இடத்தில் செங்குத்தாக வைத்து, இழை வளையும்வரை ஒரு நொடி அழுத்தி எடுங்கள். "தெரியுதாப்பா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வார், தொட்டதும் அவராகச் சொல்ல வேண்டும்.

முடிவு எப்படி வந்தாலும் ஒரு வேலையை நாளையே தொடங்கலாம். காலையில் ரப்பர் பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்து நன்றாகத் தட்டி, பிறகு உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கட்டும். செம்பனை முள் ஒன்று உள்ளே கிடந்தால் உணர்ச்சி மரத்த காலுக்கு அது தெரியாது. சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது கறையைப் பார்த்துத்தான் தெரியவரும்.